துணி திருடிச் சீட்டு

ராஜா ராணி போலீஸ் திருடன் ஆட்டம் எல்லோருக்கும் தெரியும். ஆளுக்கொரு சீட்டு எடுக்க வேண்டும். போலீஸ் சீட்டு வந்தவர், மற்றவர்களின் முகத்தைப் பார்த்தே திருடன் யாரென்று சொல்ல வேண்டும்.

எண்பதுகளில் ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் துணி சுற்றும் வேலை பார்த்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். கரண்ட் போய் மெஷின் நின்றால், துணி ஓரத்தில் பிசிறு கிள்ள வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம். எங்கள் மேசையில் நாலு பேர். நான், வன்னியம்பட்டி அக்கா தங்கச்சி இருவர், அப்புறம் சேத்தூரிலிருந்து வரும் ஒருத்தி. அவளை நாங்கள் மதினி என்போம். பிசிறு கிள்ளுவதுபோல் உட்கார்ந்து சீட்டுத்தான் ஆடுவோம்.

"ராஜாவையும் ராணியையும் நாம எங்கட்டி கண்டோம்? நம்ம கம்பெனியவே ஆடுவோம்" என்று மதினிதான் ஆரம்பித்தாள். ராஜா முதலாளி ஆனார். ராணி முதலாளியம்மா, போலீஸ் வாட்ச்மேன், திருடன் துணி திருடி. சூப்பர்வைசருக்கு ஒரு சீட்டு வேண்டாமா என்று வன்னியம்பட்டி இளையவள் கேட்டதற்கு, அவர் நிஜத்தில் படுத்துகிற பாடே போதும் என்றாள் மதினி.

ஐந்தாவதுதான் படித்தேன் என்றாலும் என் எழுத்து குண்டு குண்டாக இருக்கும். என்னையே எழுதச் சொன்னார்கள். அச்சுப் பிசகிய லேபிள்களை இரண்டிரண்டாக, அச்சு உள்ளே போகும்படி மைதாப் பசையால் ஒட்டி, வெயிலில் காயவைத்து எழுதினேன். கவிழ்த்துப் போட்டால் எது எதுவென்று தெரியாது.

என்னிடம் ஒரு கெட்ட வழக்கம். யாராவது உற்றுப் பார்த்தால் தலை தானாகக் கவிழ்ந்துவிடும். எந்தச் சீட்டு வந்தாலும் அப்படித்தான். அதனால் யார் வாட்ச்மேன் ஆனாலும் கை முதலில் என் பக்கம்தான் நீளும். தப்பு என்று தெரிந்தும் சிரிப்புக்காக என்னையே காட்டுவார்கள்.

ஒருநாள் சாயங்காலம் எங்கள் மேசையில் ஒரு கட்டு பேண்டேஜ் குறைந்தது. எடுத்தது யார் என்று சூப்பர்வைசர் வந்து கேட்டார். மூன்று தலைகளும் என் பக்கம் திரும்பின. பழக்கதோஷம். நானும் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். அவருக்கு அது போதுமாக இருந்தது.

என் சாப்பாட்டுப் பையைக் கொட்டிப் பார்த்தார். ஒன்றுமில்லை. வெளியே யாரிடம் கொடுத்தாய், நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். வீட்டுக்காரர் உடம்புக்கு முடியாமல் படுத்திருந்த காலம். என் சம்பளத்தில்தான் உலை கொதித்தது. ஆட்டத்தைச் சொன்னால் நாலு பேர் வேலையும் போகும். சொல்லாவிட்டால் என் வேலை போகும். இளையவள் ஏன் நூலைப் பிய்த்துக்கொண்டு நிற்கிறாள்? மூத்தவள் ஏன் வாசலையே பார்க்கிறாள்? அந்நேரம் எல்லோருமே எனக்குத் திருடியாகத்தான் தெரிந்தார்கள்.

மதினி இடுப்பிலிருந்து சீட்டுகளை எடுத்து மேசையில் வைத்தாள்.

"சார், இவ எதுக்கும் தலையக் கவுத்துக்கிடுவா. வெளையாட்டுல இவளையே காட்டிக் காட்டிப் பழகிட்டோம். நீங்களே ஒரு தடவை ஆடிப் பாருங்க."

அவர் கத்துவார் என்று நினைத்தேன். என்ன தோன்றியதோ, வாட்ச்மேன் சீட்டைத் தானே எடுத்து வைத்துக்கொண்டார். மிச்ச மூன்றை மதினியும் இளையவளும் நானும் எடுத்தோம். ஒவ்வொரு முகமாகப் பார்த்தவர் என்னைக் காட்டினார்.

சீட்டைத் திருப்பினேன். முதலாளி.

இளையவளிடம் முதலாளியம்மா இருந்தது. கடைசியில் மதினி திருப்பினாள். துணி திருடி.

சூப்பர்வைசர் முகம் கறுத்துவிட்டது. "இனிமே வேலை நேரத்துல இதப் பாத்தேன், அம்புட்டு பேரும் வெளிய" என்று சீட்டுகளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போனார். என்னை வரவேண்டாம் என்று மறுபடி சொல்லவில்லை.

பஸ் ஸ்டாண்டில் மதினி கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "ஏட்டி, பஸ்ஸு கெளம்புது, ஏறு" என்றாள். உட்கார இடம் கிடைத்த பிறகுதான் அவள் முகம் எனக்கு நினைவு வந்தது. திருடிச் சீட்டு அவள் கையில் இருக்க, அவ்வளவு பக்கத்தில் சூப்பர்வைசர் உற்றுப் பார்த்தும், அவள் கண்கூடச் சிமிட்டவில்லை.

அந்தக் கட்டு கிடைக்கவே இல்லை. அதற்குப் பிறகும் பல வருஷம் அவள் பக்கத்தில் உட்கார்ந்துதான் துணி சுற்றினேன். அவள் கொண்டுவந்த குழம்பை ஊற்றிச் சாப்பிட்டேன். சாயங்காலம் அவள் கிளம்பும்போது மட்டும், அவள் பையைப் பார்க்காமல் இருக்க என்னால் முடிந்ததே இல்லை.