எட்டு எழுத்துக்கு இடமில்லை

பொன்செல்வி எழுந்து, முதுகு சுவரில் இடிக்கும்வரை பின்னால் நடக்கிறார். கண்ணை இடுக்கிக்கொண்டு தூரத்துக் கம்ப்யூட்டர் திரையைப் பார்க்கிறார். திரும்பி வந்து ஒரே ஒரு கட்டத்தைக் கறுப்பாக்குகிறார். மறுபடியும் சுவர். நான் உட்கார்ந்திருந்த ஒரு மணி நேரத்தில் இருபது தடவையாவது நடந்திருப்பார். "கிட்ட இருந்து பாத்தா கட்டம்தான் தெரியும் சார். தள்ளி நின்னாத்தான் ஆளு வரும்."

ஆரியசாலையில் ஒரு பெயின்ட் கடையின் மாடி. அஜீஷ் என்ற முதலாளி, நாற்பது வருடத்துக்கு முந்தைய வீடியோ கேம் பெட்டிகளுக்கு இங்கே புதிய விளையாட்டுகள் செய்து வெளிநாட்டுக்கு விற்கிறார். வாங்கவும் ஆள் இருக்கிறது! அவற்றில் ஓடுகிற, குதிக்கிற, செத்து விழுகிற அத்தனை பேரையும் வரைபவர், தினமும் கரமனையிலிருந்து பஸ்ஸில் வரும் இந்தப் பொன்செல்விதான்.

பழைய பெட்டிக்கு மெமரி குறைவு. ஓர் ஆளுக்குப் பதினாறுக்குப் பதினாறு கட்டம், மூன்று நிறம். அதற்குள் அடங்கியாக வேண்டும். வாய் வரைய இடமில்லையென்றால் மீசை, தலைமுடிக்கு இடமில்லையென்றால் தொப்பி. வலப்பக்கம் பார்க்கும் ஆளை மட்டும் வரைவார். இடப்பக்கம் திரும்பும்போது பெட்டி அதையே கண்ணாடிபோல் புரட்டிக்கொள்ளும். வாள் கை மாறிவிடும். "சோத்தாங்கை பீச்சாங்கை ஆயிரும். ஆரு பாக்கா?" என்று சிரிக்கிறார். பஸ்ஸிலும் இதே புத்திதான். கண்டக்டருக்கு என்ன வரைவீர்கள் என்றால், "தோல்பை மட்டும் மதி, வேற ஒண்ணும் வேண்டாம், ஆளு வந்திரும்." எனக்கு? "மூக்கு" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

ஐந்து விளையாட்டுகள் வெளிவந்தாயிற்று. ஆட்டம் முடிந்ததும் உழைத்தவர்களின் பெயர் திரையில் ஓடும். ஐந்திலும் அஜீஷ் பெயர் உண்டு, இசைக்காரர் பெயர் உண்டு, பொன்செல்வி கிடையாது. வேறு வேலை தேடிப்போன இரண்டு இடங்களிலும், "இது நீங்க வரைஞ்சதுன்னு எங்க இருக்கு?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெயர் போடச் சொல்லிக் கேட்கும்போதெல்லாம் அஜீஷின் மலையாளப் பதில் ஒன்றுதான்: "இடமில்லா சேச்சி. அடுத்ததில நோக்காம்." இடமில்லை அக்கா, அடுத்ததில் பார்க்கலாம்.

யாரிடம் சொல்கிறார் பாருங்கள்! கட்டம் கட்டமாக இடம் மிச்சம் பிடிப்பவரிடம். "எழுத்தெல்லாம் முன்னமே உள்ள கெடக்கு சார். ஏ-யிலேர்ந்து இசட் வரை நான் வரஞ்சதாக்கும். எம்பேருக்குப் புதுசா ஒரு படமும் வேண்டாம். எடுத்து வரிசையா வச்சா மதி. இங்கிலீஷில எட்டே எழுத்து."

நான் போன அன்று ஆறாவது விளையாட்டின் கடைசித் திரை தயாராகிக்கொண்டிருந்தது. அஜீஷ் கதவருகே வந்து எட்டிப்பார்த்தார். "சேச்சி, நம்ம டாமியெ மறக்கண்டா. அடியில பேரும் வேணும், கேட்டோ."

டாமி அவர் வீட்டு நாய். நாய்க்கு இடம் இருந்தது, அதன் பெயருக்கும் இருந்தது. பொன்செல்வி "செரி" என்றார். சுவர்வரை போய் வந்து, வால் நுனியில் ஒரு கட்டத்தை மேலே ஏற்றினார். நாய் நன்றாகத்தான் வந்திருந்தது.

அஜீஷ் போனபின், "உங்க பேரு எப்படி இருக்கும்?" என்று கேட்டேன். எழுத்துகள் அடுக்கிவைத்த திரையைத் திறந்தார். பி, ஓ, என் என்று விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போய், ஐ-யில் நிறுத்தினார். பிறகு துப்பட்டா நுனியால், திரையில் படிந்திருந்த எட்டு விரல்தடங்களையும் துடைத்தார்.