கோபுரம் தெரிந்ததும் இறங்கியவர்

பிராண்டேக்கு எந்தப் பக்கமிருந்து வந்தாலும், ஊர் விளிம்பில் நிற்கும் பெரிய காற்றாலை கண்ணில் பட்டதும் ஞானரட்ணம் காரின் றேடியோவை நிறுத்திவிட்டு, "வந்திட்டம்" என்பார். பின்சீற்றில் தூங்கும் மகள் துஷாரா அதைக் கேட்டுத்தான் சப்பாத்தைத் தேடுவாள். அந்தச் சொல் ஒருநாளும் பொய்த்ததில்லை. மலையில்லாத டென்மார்க்கில் ஒன்று கண்ணுக்குத் தெரிந்தால் அது கிட்டத்தில்தான் இருக்கும்.

துஷாரா ஸ்கொட்லாந்தில், ஸ்ரெர்லிங்கில் படித்தாள். குடும்பத்தில் முதல் பட்டம். அதைப் பார்க்க ஞானரட்ணம் தனியாகத்தான் போனார். மனைவி செல்வமலருக்கு முதியோர் இல்லத்தில் லீவு கிடைக்கவில்லை. ஸ்ரெர்லிங்கில் அறை அகப்படாமல் பக்கத்து ஊரான ஃபோல்கேர்க்கில் தங்கினார். மலைமேல் ஒரு கல்லுக் கோபுரம் தெரியும், அதற்குக் கீழே வந்து இறங்குங்கள் என்று மகள் சொல்லியிருந்தாள். பிராண்டேயில் காரிலேயே திரிந்த மனிதர் அன்று பஸ் ஏறினார்.

பட்டமளிப்பு விழா தொடங்கியதும் மண்டபக் கதவைப் பூட்டிவிடுவார்கள். அங்கியோடு வாசலில் நின்றவளுக்குப் போன் வந்தது.

"வந்திட்டன் பிள்ளை. கோபுரம் நேரே முன்னுக்கு நிக்குது. நீ எங்க?"

"வாசலிலதான். எந்த ஸ்டொப்பில இறங்கினீங்கள்?"

அவர் பலகையை எழுத்துக்கூட்டி வாசித்தார். "பனொக்பேர்ண்."

அது நகரத்துக்கும் அப்பால். மலைமேல் நிற்கும் கோபுரம் பல ஊர்களுக்குத் தெரியும் என்று சொல்ல அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை. எப்போதும் டெனிஷில் பதில் சொல்கிறவளுக்கு அன்று தமிழ்தான் வந்தது.

"அப்பா, அது கன தூரம். பஸ் போயிட்டுதே?"

"ஓம். கை காட்டி வழியனுப்பியும் விட்டன்."

"கதவைப் பூட்டப் போறாங்கள்."

"நீ உள்ளுக்குப் போ. நான் நடந்து வாறன்."

"நடந்தா நாளைக்குத்தான் வருவியள்."

எனக்காகத்தான் படிக்கிறேன் என்று எல்லோரிடமும் சொல்லி வந்தவள் அவள். இப்போது அவருடைய நாற்காலி வெறுமையாகக் கிடந்தால் மேடையில் யாரைப் பார்ப்பது என்று தெரியவில்லை. மழை வேறு பிடித்துக்கொண்டது. வாசல்காரர் கதவில் கை வைத்தபோது ஒரு சிவப்புக் கார் வந்து நின்றது. பூப்போட்ட குடையைப் பிடித்தபடி அதிலிருந்து ஞானரட்ணம் ஓடி வந்தார்.

"பஸ் ஸ்டொப்புக்குப் பக்கத்தில மரக்கறிப் பையைக் காருக்குள்ள வைச்சுக்கொண்டு நிண்ட மனிசி ஏத்திக்கொண்டு வந்தது," என்றார் மூச்சு வாங்க. "பிராண்டேயில நான் இருந்து ஓட்டுற இடப்பக்கச் சீற்றில இருந்துகொண்டு வழி முழுக்க பிறேக்கை மிதிச்சன். காலுக்குக் கீழ ஒண்டுமில்லை."

துஷாராவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மேடையில் நின்று பார்த்தபோது அவர் குடையை மடியில் வைத்தபடி கை தட்டிக்கொண்டிருந்தார்.

விழா முடிந்து தேடினால் கார் இல்லை. அவசரத்தில் ஞானரட்ணம் அந்தப் பெண்ணின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. அந்தக் குடை இப்போது பிராண்டே வீட்டில் சப்பாத்துத் தட்டுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. எவ்வளவு மழையென்றாலும் அதை எடுக்க ஞானரட்ணம் யாரையும் விடுவதில்லை.

"அது அந்த மனிசிக்குக் குடுக்கவேண்டியது," என்பார்.