தோலில் தெரிந்த புள்ளிகள்

சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஷாப்பில் என் வீட்டுக்காரருக்குத் தோலைப் பார்த்துத் தரம் பிரிக்கிற வேலை. ஒருநாள் நல்ல தோலையெல்லாம் புள்ளி விழுந்ததென்று கழித்துப் போட்டுவிட்டார்.

மேஸ்திரி வீட்டுக்கே வந்துவிட்டார். "இன்னாம்மா, குடிக்க ஆரம்பிச்சிட்டானா?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. "இல்லண்ணே, கண்ணுல சுண்ணாம்புத் தண்ணி தெறிச்சிடுச்சு" என்றேன். தோலைச் சுண்ணாம்பில் ஊறவைக்கிற ஷாப்காரர்களுக்குக் கண் கெட்டால் எல்லோரும் சொல்வது அதுதான். என்னைப் பொய்க்காரியாக்க வேண்டாமென்று என் வீட்டுக்காரரும் அதை மறுக்கவில்லை.

ஊர் டாக்டரிடமும் அதையே சொன்னேன். சொட்டு மருந்தில் கண் தெளியும், பிறகு மங்கும். சில மாதங்களில் ஒரு கண் முழுக்க இருண்டது. வேலூர் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம்.

"சுண்ணாம்பு பட்டா கண்ணு மேலால வெந்திருக்குமே. இது சுத்தமா இருக்குது. நெஜத்த சொல்லும்மா" என்றார் டாக்டரம்மா.

"படவே இல்லம்மா. சோத்துல கூட புள்ளி மெதக்குதுன்றாரு" என்று அழுதேன்.

பார்வை போன அந்தக் கண்ணை எடுத்துச் சோதித்தார்கள். உள்ளே புற்று என்றார்கள். கண்ணுக்குள் எப்படிப் புற்று வரும்? எனக்கு விளங்கவில்லை.

"நான் பொய் சொன்னதாலயா?"

"நோய் உங்களால வரலம்மா."

புற்று மூளைக்கும் பரவி, மறு வருஷம் அவர் போய்விட்டார். முதலிலேயே உண்மையைச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரம்மாவிடம் கேட்டிருக்கலாம். அதற்கும் கூச்சப்பட்டேன். இன்னும் எனக்குத் தெரியாது.