அப்பா கிரிக்கெட்டை விசாரித்த கதை

அப்பாவின் இந்த நினைவு மலரில் மற்றவர்கள் எழுதியிருப்பதைப் படித்த பிறகுதான் நான் எழுத உட்கார்ந்தேன். பெரியப்பா அப்பாவின் உழைப்பைப் பற்றி எழுதியிருக்கிறார். மாமா அப்பாவின் நேர்மையைப் பற்றி எழுதியிருக்கிறார். எல்லாம் உண்மை. ஆனால் கடைசி வருடங்களில் அப்பா எதைப் பிடித்துக்கொண்டு நடமாடினார் என்பதை ஒருவரும் எழுதவில்லை. எழுதக் கூச்சமாக இருந்திருக்கும். மகள் என்ற உரிமையில் நான் எழுதிவிடுகிறேன். என் தம்பியைக் கொன்ற கிரிக்கெட்டைத்தான் அப்பா அந்த வருடங்களில் படித்துக்கொண்டிருந்தார்.

அப்பா காரமடைக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்துச் சாளை வீட்டில் பிறந்தவர். தாத்தா சீக்கிரமே காலமாகிவிட்டதால் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஏர் பிடித்தார். கிணறு வற்றிய வருடங்களில் குடிக்கிற தண்ணீரையே வண்டியில் கொண்டுவந்தார்கள் என்று அம்மா சொல்வார். வாழை போட்டுக் காற்றில் இழந்தார். பிறகு கறிவேப்பிலை போட்டுத் தலை நிமிர்ந்தார். அதைவிட ஊருக்கு அவரைத் தெரிந்தது நியாயம் பேசுகிறவராகத்தான். வரப்புத் தகராறு, வாய்க்கால் தகராறு, பாகப்பிரிவினை, எதுவானாலும் எங்கள் வாசலுக்கு வரும்.

அப்பா விசாரிக்கிற முறை தனி. யார் தப்பு செய்தது என்று முதலில் கேட்கவே மாட்டார். "இந்த வரப்பு எப்பப் போட்டது? ஆரு போட்டது? எதுக்கு இந்த எடத்துல போட்டாங்க?" என்றுதான் ஆரம்பிப்பார். பிறகு இரண்டு பக்கத்தையும் கேட்பார். அதன் பிறகு வெயிலோ மழையோ, அந்த இடத்திலேயே போய் நின்று பார்ப்பார். அப்புறம்தான் தீர்ப்பு. விதி என்று யாராவது இழுத்தால் அவருக்குப் பிடிக்காது. "விசாரிக்கச் சோம்பல் பட்டவன் சொல்ற பேச்சு அது" என்பார்.

தம்பி எனக்கு அடுத்துப் பிறந்தவன். பாலிடெக்னிக் முடித்துக் கோவையில் ஒரு பம்பு கம்பெனியில் சேர்ந்து, அங்கேயே அறை எடுத்துத் தங்கினான். கம்பெனி டீமில் கிரிக்கெட் ஆடினான். அப்பாவுக்கு அந்த ஆட்டத்தின் மேல் ஒரு மரியாதையும் கிடையாது. "வெயில்ல நிக்கோணும்னு ஆசையா இருந்தா நம்ம காட்டுல வந்து நிக்கச் சொல்லு, நாலு களையாவது குறையும்" என்று அம்மாவிடம் சொல்லுவார். தம்பி சிரித்துக்கொண்டே சாப்பிட்டு எழுந்துபோவான். மறுபேச்சு பேச மாட்டான். பேட்டை வீட்டுக்குக் கொண்டுவரவே மாட்டான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோவையில் ஒரு கல்லூரி மைதானத்தில் ஆட்டம் நடந்தது. பேட்ஸ்மேனுக்கு மிக அருகில், கை நீட்டினால் தொடுகிற மாதிரி குனிந்து நிற்கிற இடம் ஒன்று உண்டு. ஷார்ட் லெக் என்பார்கள். தம்பி அங்கே நின்றிருந்தான். பேட்ஸ்மேன் ஓங்கி அடித்த பந்து அவன் நெற்றிப் பொட்டில் பட்டது. அவனாகவே எழுந்து நடந்து மரத்தடிக்குப் போயிருக்கிறான். தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறான். ஒன்றுமில்லை என்றிருக்கிறான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

கருமாதிக்கு டீம் பையன்கள் எல்லோரும் வந்தார்கள். அதில் ஒருவர் "விதிங்கப்பா" என்றார். பாவம், ஆறுதலாகத்தான் சொன்னார். அப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டார்.

"அம்மணி, இந்த ஆட்டத்த ஆரு கண்டுபிடிச்சாங்க?"

எனக்கும் தெரியாது. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக் கொடுக்கிறவள். ரன் எப்படி எடுக்கிறார்கள் என்றுகூட அன்று வரைக்கும் தெரியாது. கோவை நூலகத்தில் தேடி, இங்கிலீஷ் புத்தகங்களை எடுத்து வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். அப்படித்தான் ஒன்றும் தெரியாத நாங்கள் இருவரும் இந்த ஆட்டத்துக்குள் போனோம்.

இங்கிலாந்தில் ஆடு மேய்க்கிற புல்வெளியில் பிறந்த ஆட்டம் என்று நம்புகிறார்கள், பட்டி வாசலை அடைக்கிற சின்னப் படலைத்தான் முதலில் ஸ்டம்பாக வைத்தார்களாம் என்றேன். அப்பாவுக்கு அது உடனே புரிந்தது. எங்கள் பட்டியிலும் படல் உண்டு. "அப்பப் படலக் காவக் காக்கறவன்தான் பேட் புடிக்கறவன்" என்றார். முதலில் இரண்டு குச்சிதான் இருந்தது, நடுவில் பந்து புகுந்து போனதால் மூன்றாவது குச்சி வந்தது என்றேன். "அது நாயம்" என்றார். ஆரம்பத்தில் பந்தைத் தரையில் உருட்டித்தான் போட்டார்கள், பிறகு தோள் உயரத்துக்குக் கை தூக்கலாம் என்றும், இன்னும் பின்னால் தலைக்கு மேலேயே தூக்கலாம் என்றும் சட்டத்தை மாற்றிக்கொண்டார்கள் என்று படித்தபோது அப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

"உருட்டிட்டு இருந்தவங்க அப்படியே உருட்டிட்டு இருந்திருக்கலாமல்ல?"

நான் புத்தகத்தை மூடிவிட்டேன். அன்றைக்கு அதற்கு மேல் படிக்க முடியவில்லை.

பந்து ஒன்று வாங்கி வரச் சொன்னார். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார், நகத்தால் அழுத்திப் பார்த்தார். உள்ளே தக்கை, மேலே நூல் சுற்றி, அதற்கு மேல் மாட்டுத்தோல் என்று சொன்னேன். எதற்கு இவ்வளவு கெட்டியாகச் செய்தார்கள் என்றார். நாள் முழுக்க அடி தாங்க வேண்டுமே என்றேன். "பந்து தாங்கோணும்னு பாத்திருக்கறாங்க" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

வெள்ளைக்காரன் கப்பலில் கொண்டுவந்தது, நம் பக்கம் மலைத்தோட்டத்துத் துரைமார்களும் பிறகு மில்காரர்களும் ஆடினது, எல்லாம் கேட்டுக்கொண்டார். டிவியில் ஆட்டம் வந்தால் முன்னால் போய் உட்காருவார். அம்மா மட்டும் அந்த நேரத்தில் கூடத்துக்கே வர மாட்டார். சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வார். "எம்புள்ளையக் கொன்னத ஊட்டுக்குள்ளயே உட்டு வேடிக்க பாக்கறாரு" என்று என்னிடம் அழுதிருக்கிறார். அப்பா வேடிக்கை பார்க்கவில்லை. யார் குற்றவாளி என்று தேடிக்கொண்டிருந்தார்.

முதலில் அவர் சந்தேகப்பட்டது அந்த பேட்ஸ்மேனை. எதிரே ஓர் ஆள் குனிந்து நிற்கிறான் என்று தெரிந்தும் ஓங்கி அடித்தவன். ஆனால் பல மாதம் பார்த்த பிறகு, "அவன் மேல தப்பில்லம்மணி, அடிக்கறதுதான் அவன் வேல. கண்ணு பந்து மேல இருக்கும், ஆளு மேல இருக்காது" என்றார். அதன் பிறகு பந்து போட்டவர் மேல் சந்தேகம் திரும்பியது. பந்து குட்டையாக விழுந்தால் எழும்பி வரும், பேட்ஸ்மேன் வாட்டமாகத் திரும்பி அடிப்பான், அப்போது பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தப்பிக்க நேரமே இருக்காது என்று கண்டுபிடித்தார். இதை எந்தப் புத்தகத்திலிருந்தும் நான் சொல்லவில்லை. அன்று பந்து போட்டது ஸ்டீபன். போத்தனூர் ரயில்வே காலனியில் இருந்தவர், தம்பிக்கு உயிர் நண்பர். கருமாதியன்று எல்லோரும் போன பிறகும் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தவர் அவர்தான். அவர் பெயரை அப்பா அதன் பிறகு சொல்லவில்லை. பந்து போட்டவன் என்று மட்டும் சொல்வார்.

நம் நாட்டில் உலகக் கோப்பை நடந்த வருடம், அரையிறுதியில் நாம் தோற்றது எல்லோருக்கும் நினைவிருக்கும். கூட்டத்தில் பாட்டில் வீசினார்கள், தீ வைத்தார்கள். ஆடிய ஒருவர் அழுதுகொண்டே வெளியே போனார். எங்கள் வீட்டுக்கு டிவி பார்க்க வந்திருந்த அக்கம்பக்கத்தார்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அப்பா எழுந்து டிவியை நிறுத்தினார். "தோத்ததுக்கா அழுகறீங்க?" என்று மட்டும் கேட்டார். வந்தவர்கள் எழுந்து போனார்கள்.

அதற்குப் பிறகு வந்த ஒரு ஐந்து நாள் ஆட்டத்தில்தான் அது நடந்தது. மெதுவாகப் பந்து போடுகிறவர் வந்ததும், ஷார்ட் லெக்கில் நிற்கப் போனவர் கையைத் தூக்கிச் சைகை காட்டினார். உள்ளேயிருந்து ஓர் ஆள் ஓடி வந்து ஹெல்மெட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். அதை மாட்டிக்கொண்டுதான் அவர் குனிந்தார். அது வரைக்கும் பார்த்தது பெரும்பாலும் ஒரு நாள் ஆட்டம், அதில் அந்த இடத்தில் ஆள் நிற்பது அபூர்வம் என்பதால், பேட் பிடிக்கிறவன்தான் அதைப் போடுவான் என்று அப்பா நினைத்துக்கொண்டிருந்தார். அப்பா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"அங்க நிக்கறவனுக்கும் அது உண்டா?"

உண்டு என்றேன். இந்த ஆட்டத்தில் காலுக்குக் கவசம் வந்து நூறு வருடத்துக்கு மேல் ஆன பிறகுதான் தலைக்கு வந்தது என்று படித்ததையும் சொன்னேன். அவர் காதில் அது விழவில்லை. "அப்ப நம்ம பையனுக்கு ஆரு குடுக்காம உட்டது?" என்றார். பல வருடத்துக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு தெம்பு தெரிந்தது. குற்றவாளி கிடைத்துவிட்டான் என்று நினைத்தார்.

மறுநாளே போத்தனூர் போனோம். ஸ்டீபன் ஆட்டத்தை விட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. எங்களைப் பார்த்ததும் உட்காரக்கூடச் சொல்லத் தோன்றாமல் நின்றார். அப்பா தன் வழக்கப்படி முதலில் இடத்தைக் கேட்டார். யார் எங்கே நின்றார்கள், பந்து எங்கே விழுந்தது என்று.

"குட்டையாத்தானுங்கப்பா விழுந்துது. கை நழுவிருச்சுங்க" என்றார் ஸ்டீபன். "ராவும் பகலும் எனக்கு அந்தப் பந்துதானுங்க."

அப்பா அதை விட்டுவிட்டார். "ஹெல்மெட்டு?" என்றார்.

"டீமுக்கு ஒண்ணு இருந்துச்சுங்க. பெருசு. அவன் தலைக்கு நிக்காது, குனிஞ்சா கண்ண மறைச்சுப்போடும். ஊட்டுல சொல்லி ஒண்ணு வாங்கிக்கடான்னு நான் எத்தனையோ தடவ சொன்னனுங்க."

"அவன் என்ன சொன்னான்?"

ஸ்டீபன் என்னைப் பார்த்தார். சொல்ல வேண்டாம் என்று நான் தலையசைத்திருக்க வேண்டும், ஆனால் என்ன வரப்போகிறது என்று எனக்கும் தெரியாது.

"சிரிச்சானுங்க. 'எங்கப்பாகிட்டக் கேட்டா ஆட்டத்தையே நிறுத்திப்போடுவாரு'ன்னான்."

அப்பா ஸ்டீபனின் தோளில் கை வைத்து, "உம்மேல ஒண்ணுமில்ல கண்ணு. பந்து ஆருக்குத்தான் நழுவாது" என்றார். ஸ்டீபன் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அவரைத் தேற்றியது அப்பாதான். திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது அப்பா சொன்னார்.

"கேட்டிருந்தா நிறுத்தித்தான் இருப்பேன் அம்மணி. நிறுத்தியிருந்தா உசுரோட இருந்திருப்பான். கேக்க முடியாதபடி நான் இருந்துபோட்டேன்."

அப்படியில்லைங்கப்பா என்றேன். எத்தனையோ விதமாகச் சொன்னேன். ஆனால் அப்பா வாழ்நாள் முழுக்க நியாயம் பேசியவர். அடுத்தவர் தப்பை மழுப்பிப் பேசினால் எப்படிக் கண்டுபிடிப்பாரோ அப்படியே என்னையும் கண்டுபிடித்தார். எனக்கு ஆத்திரமாக வருகிறது. அப்பா அந்த பேட்ஸ்மேனை வெறுத்துக்கொண்டே இருந்திருக்கலாம். ஸ்டீபனைத் திட்டிக்கொண்டே இருந்திருக்கலாம். யார் மேலாவது கோபம் இருந்த வரைக்கும் அப்பா தோட்டத்துக்குப் போனார், சாப்பிட்டார், தண்ணீர் கட்டினார். விசாரணை முடிந்த அன்றோடு எல்லாம் நின்றது. டிவியைத் துணி போட்டு மூடச் சொன்னார். வாய்க்கால் தகராறு என்று வந்தவர்களிடம், "வேற ஆரையாவது பாருங்க, எனக்கு அந்த யோக்கியத இல்லீங்க" என்று சொல்லி அனுப்பினார். அவர்கள் அதைப் பணிவு என்று நினைத்துக்கொண்டு போனார்கள்.

பிறகு உணவு குறைந்தது. மருத்துவர் உடம்பில் பெரிதாக ஒன்றுமில்லை என்றுதான் சொன்னார். மழைக்காலத்தில் வந்த சளி நெஞ்சில் இறங்கியது, அதோடு போய்விட்டார்.

அந்த நாட்களில் வேளை பார்க்காமல் வீட்டுக்கே வந்து பார்த்த மருத்துவருக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி. கறிவேப்பிலைக்குத் தண்ணீர் நிற்காமல் பார்த்துக்கொண்ட பக்கத்துத் தோட்டத்தாருக்கும், தோட்டத்தில் அப்பாவோடு வேலை செய்து, கடைசியில் தங்கள் வீட்டுத் துக்கமாகவே எண்ணி நின்ற எல்லோருக்கும் நன்றி. அம்மாவைத் தனியே விடாமல் மாற்றி மாற்றி வந்து தங்கிய அத்தைமார்களுக்கும் சித்திக்கும் நன்றி. பாடை தூக்க மகன் இல்லாத வீட்டில், கேட்காமலே வந்து தோள் கொடுத்த ஸ்டீபனுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

உறவினர்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. துக்கம் கேட்க வந்த பலர், அப்பா மகனிடமே போய்ச் சேர்ந்துவிட்டார் என்று ஆறுதல் சொன்னீர்கள். நல்ல மனதோடு சொன்னதுதான். அம்மாவும் கடைசி நாளில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "பையனப் பாக்கத்தானுங்க போறீங்க, பயப்படாதீங்க" என்று அதையேதான் சொன்னார். அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "எந்த மூஞ்சிய வெச்சுட்டு அவனப் பாக்கறது?" என்றார். அதுதான் அவர் பேசிய கடைசிப் பேச்சு. அதனால், தயவுசெய்து, அந்த ஆறுதலை மட்டும் இனி எங்கள் வீட்டில் யாரும் சொல்ல வேண்டாம்.