செவிட்டுக் குட்டிக்குக் கிடைத்த முதல் பரிசு

என் கணவர் தலவாக்கலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் டீமேக்கர், ஃபெக்டரியில் தேயிலை தயாரிப்புக்குப் பொறுப்பானவர். நான் அந்தத் தோட்டத்துப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். எங்கள் குவாட்டர்ஸின் பின்பக்கம், தகரம் போட்ட கொட்டிலில் டல்மேஷன் நாய்கள் இருந்தன. வெள்ளை உடம்பில் கறுப்புப் புள்ளிகள் போட்ட சாதி. அவற்றை அவர் வளர்த்தது காவலுக்கு அல்ல, நுவரெலியாவில் ஏப்ரல் சீசனில் நடக்கும் நாய்க் காட்சிக்கு.

ஃபெக்டரியில் தோட்டத்துத் துரை கூப்பிட்டால் ஓடிப்போய் நிற்க வேண்டிய மனிதர் அவர். காட்சி மைதானத்திலோ துரைமாரும் கொழும்புக்காரர்களும் அவரைத் தேடி வந்து கைகொடுத்தார்கள். நாயின் தகப்பன் யார், பாட்டன் யார் என்று மரியாதையாக விசாரித்தார்கள். வருஷத்தில் அந்த ஒருநாளுக்காக அவர் உயிரைக் கொடுத்து உழைத்தார். அதை நான் ஒருபோதும் கேலி செய்ததில்லை. அவர் முதுகு நிமிர்ந்து நடப்பதைப் பார்க்க எனக்கும் பிடித்திருந்தது.

டல்மேஷன் குட்டிகள் பிறக்கும்போது வெள்ளையாகத்தான் இருக்கும். இரண்டு மூன்று வாரம் போனபிறகே புள்ளிகள் தெரியத் தொடங்கும். எங்கள் பெட்டை ஈன்ற குட்டிகளில் ஒன்று மட்டும் பிறக்கும்போதே ஒரு காது முழுக்கக் கறுப்பாக வந்தது. காட்சியில் அது பெரிய குறை. கழிவுத் தேயிலையை ஒதுக்குவதுபோல அவர் அதை முதல்நாளே ஒதுக்கிவிட்டார். டயகமப் பக்கம் லொறி ஓட்டுகிற ஒருவருக்கு அது பிறகு சும்மா போனது.

இன்னொரு குட்டிக்கு, ஒன்றோடொன்று ஒட்டாமல், சதக் காசு வைத்து வரைந்ததுபோல வட்டவட்டமான புள்ளிகள் வந்தன. அவர் வேலை முடிந்து வந்ததும் அதைத்தான் முதலில் தூக்குவார்.

ஒருநாள் சாப்பாடு வைக்கப் போனபோது சட்டிமூடி என் கையிலிருந்து சீமெந்துத் தரையில் விழுந்தது. எல்லாக் குட்டிகளும் துள்ளி எழுந்தன. அந்த வட்டப்புள்ளிக் குட்டி மட்டும் தூங்கிக்கொண்டே இருந்தது. மூடியை எடுத்து அதன் தலைமாட்டில் மறுபடி போட்டேன். அசையவில்லை. படுத்திருந்த சாக்கை மெல்ல இழுத்ததும் கண்ணைத் திறந்து, என்னைப் பார்த்து வாலை ஆட்டியது.

அவரிடம் சொன்னேன். நம்பவில்லை. அவரே போய்ப் பின்னால் நின்று விசிலடித்துப் பார்த்தார். திரும்பி வந்து, "யாருகிட்டயும் வாயத் தொறக்காத. செவிடுன்னு தெரிஞ்சா காட்சியில சேக்க மாட்டாங்க" என்றார்.

நான் விடவில்லை. ஹட்டனில் உள்ள மிருக வைத்தியரிடம் கூட்டிப்போக வைத்தேன். வைத்தியர் ஆச்சரியப்படவில்லை.

"இந்தச் சாதியில இது உள்ளதுதான். காது கறுப்பா பொறக்குற குட்டிக்கு அநேகமா நல்லா கேக்கும். நீங்க எல்லாரும் அதக் குறைன்னு தள்ளிட்டு, வெள்ளையாப் பொறக்குறதையே இணை சேத்துச் சேத்து எடுக்குறீங்க. செவிடும் கூடவே வருது. இத வீட்டோட வச்சிக்குங்க. இணை மட்டும் சேத்துறாதீங்க."

"சரிங்க டொக்டர்" என்று தலையாட்டினார் என் கணவர்.

அடுத்த நாளே கைச்சைகையில் பழக்கத் தொடங்கினார். அவித்த ஈரல் துண்டை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு, ஒரு விரல் தூக்கினால் நிற்க, உள்ளங்கை காட்டினால் அசையாதிருக்க. குட்டி கெட்டிக்காரக் குட்டி. அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காது. காது கேட்கிற நாய் எதுவும் ஒரு மனிதனை அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

காட்சியன்று மைதானத்தில் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. குட்டிகள் பிரிவு நடக்கும்போது பக்கத்துக் கூடாரத்தின் இரும்புக்கம்பு ஒன்று சரிந்து விழுந்தது. வரிசையில் நின்ற குட்டிகள் எல்லாம் பதறின. ஒன்று நின்ற இடத்திலேயே மூத்திரம் போனது. எங்கள் குட்டி மட்டும் தலையை நிமிர்த்தியபடி அவருடைய விரலைப் பார்த்து நின்றது.

நடுவர் சென்னையிலிருந்து வந்திருந்தவர். அதன் முன்னால் வந்து நின்று, மைக்கை வாங்கி, டல்மேஷன் என்றால் மனது இப்படித் திடமாக இருக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னார். முதல் பரிசு. எல்லாரும் கைதட்டினார்கள். குட்டி திரும்பியும் பார்க்கவில்லை. அதற்கும் சிலர் பாராட்டினார்கள்.

தேநீர்க் கூடாரத்தில் நடுவர் தனியாக நிற்பதைப் பார்த்துப் போனேன்.

"சார், நீங்க முதல் பரிசு குடுத்த குட்டி எங்களோடது. அதுக்குக் காது கேக்காதுங்க."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "உங்க வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லலியேம்மா."

"சொல்ல மாட்டாருங்க. நீங்க பின்னால நின்னு ஒருதடவ கை தட்டிப் பாத்திருக்கலாமே."

"ரிங்குக்குள்ள என் கண்ணு முன்னாடி நிக்கிறதத்தாம்மா நான் பாக்க முடியும். இப்ப இதப் பேசினா உங்களுக்குத்தான் அசிங்கம்." கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அத இணை சேக்க வேணாம்னு வீட்டுக்காரர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க."

அடுத்த பிரிவுக்குக் கூப்பிட்டார்கள், போய்விட்டார். நாய்களைப் பற்றி எல்லாம் தெரிந்த மனிதர், அதை இணை சேர்க்காமல் தடுக்கும் வேலையை மட்டும் என்னிடம் விட்டுப் போனார்.

நான் நடுவரோடு பேசியதை என் கணவர் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார். வீட்டுக்குத் திரும்பும் வழியில், வேன் நானுஓயா தாண்டியபிறகுதான் கேட்டார்.

"அந்தாளுகிட்ட என்னா சொன்ன?"

"உள்ளதச் சொன்னேங்க. ஒண்ணும் செய்ய மாட்டாராம். இணை சேக்க வேணாம்னு மட்டும் சொல்லச் சொன்னாரு."

"இத்தன வருஷத்துல இன்னைக்கித்தான் பெரியதுரையே வந்து எங்கிட்ட கைகுடுத்தாரு. அது ஒனக்குப் பொறுக்கலயா?"

குட்டி என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நாய்ப் பேச்சு நின்றது. மற்றப் பேச்சும் மெல்ல மெல்லக் குறைந்தது.

குட்டி வளர்ந்ததும் அதோடு இணை சேர்க்கக் கண்டியிலிருந்தும் கொழும்பிலிருந்தும் பெட்டைகளைக் கொண்டுவந்தார்கள். அவர் மறுக்கவில்லை. அப்படி வந்தவர்களில் இரண்டு பேரிடம் நானே உண்மையைச் சொன்னேன். ஒருவர் சிரித்தார். மற்றவர், "முதல் பரிசு எடுத்த நாய்தானே டீச்சர்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அதன் குட்டிகளில் ஒன்றை எங்களிடம் வாங்கிய ஹட்டன் கடைக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் திருப்பிக் கொண்டுவந்தார். அது தூங்கும்போது அவருடைய சின்ன மகள் பின்னாலிருந்து தொட்டிருக்கிறாள். திடுக்கிட்டுத் திரும்பிக் கடித்துவிட்டது. கூட வந்திருந்த பிள்ளையின் கன்னத்தில் தையல் போட்டிருந்தார்கள்.

"கூப்புட்டாத் திரும்புறதே இல்லங்க. திமிருன்னு நெனச்சோம்" என்றார் கடைக்காரர்.

"பழக்குனது சரியில்ல" என்றார் என் கணவர், அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல்.

செவிடு என்று கடைக்காரரிடம் நான்தான் சொன்னேன். அவர் கோபப்படக்கூட இல்லை. மகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அந்த நாயை நான் வீட்டுக்குள் எடுத்துக்கொண்டேன். எழுப்ப வேண்டுமென்றால் பலகைத் தரையைக் காலால் இரண்டு தட்டுத் தட்டுவேன். அதிர்வு தெரிந்து எழும்பும். இன்றுவரை என்னைக் கடித்ததில்லை.

இந்த வருஷம் என் கணவரை நடுவராகப் பழகக் கூப்பிட்டிருக்கிறார்கள். குட்டிகள் பிரிவுதான் முதலில் கொடுப்பார்களாம். புதிதாக ஒரு கோட் தைத்து வந்தார். அதை இஸ்திரி போட்டுத் தரச் சொல்லி என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. அவரே இஸ்திரி போட்டுக்கொண்டார்.