டாக்டரையா குடித்த மருந்து

லிந்துலைப் பக்கத்து எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மருந்து கலக்கிக் கொடுத்த மரியரட்ணத்தை எல்லோரும் டாக்டரையா என்றுதான் கூப்பிட்டார்கள். அவரும் மறுத்ததில்லை.

காய்ச்சல்காரர்களை வியர்க்க வைக்கும் அமோனியம் அசற்றேற்றை அவரே தயாரிப்பார். உப்பாக வைத்திருந்தால் எங்கள் மலை ஈரத்துக்குக் கசிந்து தண்ணீராகிவிடும். அதனால் கரைசலாகவே செய்துகொள்வார். தண்ணீர் கலந்த அசற்றிக் அமிலத்தில் அமோனியம் காபனேற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் புசுபுசுவென்று நுரைக்கும். புளித்த வாடை போய், மூக்கில் குத்தும் அமோனியா வாடையும் கிளம்பாத இடத்தில் நிறுத்த வேண்டும். அதைச் சரிபார்க்க, அமிலம் மிஞ்சினால் சிவக்கும் லிட்மஸ் தாள் இருந்தது. அவர் தொடமாட்டார்.

"என் மூக்கு போதும்" என்பார். அப்படி ஒரு மூக்கு, அப்படி ஒரு பெருமை!

ஐம்பத்தாறாம் ஆண்டு மழைக்காலத்தில் அந்த மூக்கு சளியில் அடைத்துக்கொண்டது. அப்போதும் தாளைத் தேடவில்லை, குத்துமதிப்பாக நிறுத்திவிட்டார். அமிலம் மிஞ்சிய அந்த மருந்து முதலில் கொழுந்தெடுக்கும் சண்முகவடிவுக்குக் கிடைத்தது. ஒரு வாய் வைத்ததுமே துப்பிவிட்டாள்.

"தொண்ட எரியுதுங்க ஐயா."

"பொய்க் காய்ச்சலுக்கு எல்லா மருந்தும் எரியும். மலைக்குப் போ!"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் கூடையை மாட்டிக்கொண்டு மழையில் ஏறினாள்.

அடுத்து வந்த கந்தப்பனும் முகத்தைச் சுளித்தபோதுதான் மரியரட்ணம் தானே ஒரு வாய் குடித்துப் பார்த்தார். தொண்டை எரிந்தது. தாளை நனைத்தார், சிவந்தது. வெட்கத்தில் அவரால் யாரையும் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. மருந்தைப் புதிதாகக் கலக்கி, தாளில் சரிபார்த்து, போத்தலும் கையுமாக மலையேறினார்.

சண்முகவடிவு நடுங்கிக்கொண்டே கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தாள்.

"நீ பொய் சொல்லலம்மா. தப்பு என்னோடது" என்றார், கங்காணிக்கும் மற்றப் பெண்களுக்கும் கேட்கும்படி. "இதக் குடிச்சிட்டு லயத்து வீட்டுக்குப் போய்ப் படு."

அவள் போத்தலை வாங்கவில்லை.

"மொதல்ல நீங்க குடிங்க ஐயா."

குடித்தார். அவர் முகத்தையே பார்த்திருந்துவிட்டு அவள் கை நீட்டினாள்.

மறுநாள் யாரும் கேட்காமலே, வரிசைக்கு முன்னால் நின்று அவரே முதல் வாய் குடித்தார். அதுவே வழக்கமாயிற்று. புதிதாக வந்தவர்கள் டாக்டரையாவுக்கு என்னவோ தீராத காய்ச்சல் என்று நினைத்தார்கள். அதையும் அவர் மறுக்கவில்லை.

சில வருடங்கள் கழித்துப் பிள்ளைக்கு மருந்து வாங்க வந்த சண்முகவடிவுக்கே பொறுக்கவில்லை.

"போதுங்க ஐயா. நாங்க நம்புறோம்."

அவர் தலை நிமிராமல் குடித்துவிட்டு, பிள்ளைக்கு ஊற்றினார்.