ஈயத்தாள் போடாதவள்

முதலில் மோந்து பார்ப்பாள். காரின் முன்கதவைத் திறந்து, இருக்கையில் ஒரு முழங்காலை ஊன்றி, ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை நுழைத்து, கண்ணை மூடிக்கொண்டு நீளமாக ஒரு மூச்சு இழுப்பாள். "வயரோட துணி உறை கருகியிருக்கு" என்பாள். அல்லது, "இது பேட்டரி ஆசிட், வயர் மேல தப்பில்ல." ஒரு தரம் அப்படியே தலையை வெளியே எடுத்து, "பின்சீட்டுக்கு அடியில யாரோ மீனை வச்சு மறந்துட்டாங்க. கரண்டுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல" என்றாள். வண்டிக்காரர் குனிந்து பார்த்தார். மீன் இருந்தது.

ஓனேலியாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. குட்டையான உருவம், கனத்த தோள்கள், கண்ணாடிக்குக் கயிறு. கைபாரியென் என்ற எங்கள் மீன்பிடி ஊரில், எங்கள் தெரு கடலில் போய் முடிகிறது. அதற்கு நாலு வீடு முன்னால் ஒரு வாதாம் மரம் நிற்கிறது. அதன் நிழல்தான் அவளுடைய பட்டறை. பெயர்ப்பலகை கிடையாது. அவளைவிட மூத்த வண்டிகளின் விளக்கு, ஹாரன், டைனமோ, ரேடியோ எல்லாம் அங்கேதான் உயிர் பெறுகின்றன. இஞ்சினைப் பற்றிக் கேட்டால், "அது எண்ணெய்க் கை வேலை. வேற ஆளப் பாருங்க" என்று சொல்லிவிடுவாள்.

மோந்து பார்த்த பிறகு ஒரே ஒரு கேள்வி. "இரும்பு பிளஸ்ஸா, மைனஸா?"

இந்தக் கிழ வண்டிகளில் சிலவற்றில் பேட்டரியின் பிளஸ் முனையை வண்டியின் இரும்பு உடம்போடு முடுக்கியிருப்பார்கள், சிலவற்றில் மைனஸை. பிறக்கும்போது ஒன்றாக இருந்திருக்கும். பிறகு எழுபது வருஷத்தில் ஒருவர் ரஷ்ய இஞ்சினை வைத்திருப்பார், இன்னொருவர் ஜீப்பின் டைனமோவை மாட்டியிருப்பார், மூன்றாமவர் போகிற போக்கில் இரண்டு வயரை இடம் மாற்றியிருப்பார். பாதிப் பேருக்குத் தங்கள் வண்டி எந்தச் சாதி என்றே தெரியாது. தலையைச் சொறிவார்கள். பதில் தெரிகிற வரை ஓனேலியா ஒரு திருகாணியைக்கூடத் தொட மாட்டாள். இதற்குக் காரணம் அவளுடைய இடது கையில் இருக்கிறது. இருபத்தாறு வயதில், இரும்போடு சேர்ந்த முனை என்று தப்பாக நினைத்துக் கை வைத்ததில், பேட்டரி முனையிலும் இரும்பிலும் அவளுடைய கல்யாண மோதிரம் ஒரே நேரத்தில் பட்டு, நெருப்பாகப் பழுத்துவிட்டது. மோதிரத்தை அறுத்து எடுத்தார்கள். விரலைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையத் தழும்பு நின்றுவிட்டது. "இதை யாராலயும் கழட்ட முடியாது. எவெலியோவுக்கு ரொம்பத் திருப்தி" என்பாள்.

எவெலியோ அவளுடைய கணவன். மீன்பிடிக் கூட்டுறவில் 'மரிசோல்' என்ற படகில் போகிறவன். வீட்டில் பல்பு மாற்றத் தெரியாது. அதை அவனே பெருமையாகச் சொல்லிக்கொள்வான்.

அவளுடைய கருவிகளை ஒரு காபி டப்பாவில் அடக்கிவிடலாம். இரண்டு வயர் முளைத்த ஒரு பிரேக் பல்பு. கரண்ட் எதுவரை வருகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்று அது எரிந்து காட்டும். ஒரு நீளத் திருப்புளி. அதன் நுனியை ரேடியோவின் முதுகில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக்கொள்வாள். உள்ளே 'கிர்ர்' என்று ஓயாமல் துடிக்கிற ஒரு சின்னப் பெட்டி உண்டு. ஆறு வோல்ட்டை இருநூறுக்கு மேல் ஏற்றி வால்வுகளுக்கு ஊட்டுவது அதுதான். அந்தச் சத்தத்தை வைத்தே இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்று சொல்லிவிடுவாள். நானும் திருப்புளியைக் காதில் வைத்துப் பார்த்திருக்கிறேன். எனக்குக் காது வலித்தது, வேறொன்றும் தெரியவில்லை.

அவளுக்கு ஆகாத பொருள் ஒன்று உண்டு. சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் ஈயத்தாள். ஃபியூஸ் போனால் எங்கள் ஊர் ஓட்டுநர்கள் செய்கிற வைத்தியம் அது. போன ஃபியூஸின் மேல் அந்தத் தாளைச் சுற்றி மறுபடி சொருகினால் போதும், விளக்கு எரியும், ரேடியோ பாடும். ஆனால் வயர் எங்காவது இரும்பில் உரசினால் அறுந்து காப்பாற்ற அங்கே ஃபியூஸ் இல்லை. தாள் தாங்கும், வயர் வேகும். வண்டி வந்ததும் அவளுடைய விரல் நேரே ஃபியூஸ் கூட்டுக்குத்தான் போகும். தாள் இருந்தால் உருவியெடுத்து, மடித்து, தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்வாள். திட்ட மாட்டாள். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று ஓட்டுநர்கள் சொல்வார்கள். பிறகு ஒரு வயரிலிருந்து தலைமயிர் போல ஒற்றைச் செப்பு இழையைப் பிரித்து ஃபியூஸில் கட்டுவாள். "ரேடியோவுக்கு ஒரு இழை. ரெண்டு இழை போட்டா அது ஃபியூஸ் இல்ல, பொய்."

இதெல்லாம் எனக்கு ஏதோ ஒரு பிடிவாதமாகத்தான் தெரிந்தது, மூன்று வருஷம் முன்பு அந்தப் புயல் அடிக்கிற வரை.

புயல் விடியற்காலையில் கரையைக் கடந்தது. மத்தியானம் ஒரு போலீஸ்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து சொன்னார். மரிசோலும் அதனோடு போன தெரெசித்தா படகும் கடலுக்குள் இருக்கும் மணல் திட்டுகளில் ஒதுங்கப் பார்த்திருக்கின்றன. இரண்டில் ஒன்று மூழ்கிவிட்டது. எது என்று அவருக்குத் தெரியாது. பிழைத்தவர்களின் பெயர்களை மாகாண வானொலி நாலு மணிக்கு வாசிக்கும்.

எங்கள் தெருவில் மின்சாரம் போய் இரண்டு நாள் ஆகியிருந்தது. தொலைபேசி செத்திருந்தது. கை ரேடியோக்களின் செல்கள் முந்தின இரவே தீர்ந்துவிட்டன. ஓடுகிற வண்டிகள் எல்லாம் பிள்ளைகளையும் கிழவர்களையும் ஏற்றிக்கொண்டு மேட்டுப் பக்கம் போயிருந்தன. ஒரே ஒரு வண்டிதான் மிச்சம். ஹில்தோவின் ஐம்பத்தொன்றாம் வருஷத்து பிளிமத். இஞ்சினை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் போட்டிருந்ததால் அது நகர முடியாமல் வீட்டு வாசலில் நின்றது. ஆனால் பேட்டரி இருந்தது, ரேடியோ இருந்தது. ஹில்தோ எங்கள் வாடகைக்கார் ஓட்டுநர். அவருடைய தம்பி நெலோ தெரெசித்தாவில் போயிருந்தான்.

மூன்றரை மணிக்குத் தெருவே அந்த வண்டியைச் சுற்றி நின்றது. ஹில்தோ ரேடியோவின் குமிழைத் திருகினார். டயல் ஒரு தரம் மினுங்கியது. ஸ்டியரிங்குக்குக் கீழிருந்து வெள்ளையாகப் புகை வந்தது. அவர் பாய்ந்து பேட்டரி வயரைப் பிடுங்கினார்.

அப்போதுதான் ஓனேலியா வந்தாள். கூரை ஓடு பறந்த வீட்டிலிருந்து தண்ணீரை வாரி ஊற்றிக்கொண்டிருந்தவள், முழங்கால் வரை சேறோடு வந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

தலையை நுழைத்து மோந்தாள். விரல் ஃபியூஸ் கூட்டுக்குப் போனது. பாதி எரிந்த ஈயத்தாள் வந்தது.

"எத்தன நாளா அண்ணே?"

"ஒரு வருஷம் இருக்கும்மா. இப்ப அதுவா முக்கியம்? இந்தா, புதுத் தாள். ரெட்டையாச் சுத்திப் போடு. பத்து நிமிஷம் பாடினாப் போதும், அப்புறம் வண்டியே எரிஞ்சு போகட்டும்!"

"போடு ஓனேலியா!" எதிர்வீட்டு சொராய்தா கத்தினாள். எங்கள் தெருவின் ஒலிபெருக்கி அவள். "உன் புருஷன்டி அங்க இருக்கான்! படிச்ச கெட்டிக்காரத்தனத்தை நாளைக்குக் காட்டு!"

ஓனேலியா ஹில்தோவின் கையிலிருந்த புதுத் தாளை வாங்கினாள். எல்லோரும் மூச்சு விட்டார்கள். அவள் அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"அடிப் பாவி" என்றாள் சொராய்தா.

"பத்து நிமிஷம் பாடாது அண்ணே. ஒரு நிமிஷம் புகையும், அப்புறம் ரேடியோவும் போயிடும். இருக்கறது இது ஒண்ணுதான்." பிறகு என்னைப் பார்த்து, "உங்க வீட்ல சவரக் கண்ணாடி இருக்குல்ல? எடுத்துட்டு வாங்க. வெயிலை உள்ளே அடிங்க" என்றாள்.

மூன்று நாளுக்குப் பிறகு அப்போதுதான் வெயில் எட்டிப்பார்த்திருந்தது. நான் எதிர்க்கதவருகே மண்டியிட்டுக் கண்ணாடியைத் திருப்பினேன். அவள் வண்டியின் தரையில் மல்லாந்து படுத்து, தலையை உள்ளே கொடுத்திருந்தாள். அவள் சொல்லும்போது மட்டும் ஹில்தோ பேட்டரி வயரைத் தொட்டுக் காட்ட, பல்பு வயரின் ஒரு முனையை இரும்பில் கவ்வவிட்டு, பேட்டரியிலிருந்து தொடங்கி அங்குலம் அங்குலமாக வந்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு மணிக்கு இன்னும் இருபது நிமிஷம். ஹில்தோ ஒரு பக்கம் முனகிக்கொண்டிருந்தார். ஒரு இடத்தைக்கூட அவள் தாண்டிப் போகவில்லை. வாதாம் மரத்தடியில் சாதாரணச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் எப்படிச் செய்வாளோ, அப்படியே செய்தாள். எனக்குக் கோபம்கூட வந்தது, சொல்லிவிடுகிறேன்.

ஸ்டியரிங் தண்டின் பின்னால், கண்ணுக்கே தெரியாத மடிப்பில், வயர் இரும்புத் தாங்கியில் தேய்ந்து வெறும் செம்பாக மின்னியது. ஒரு வருஷமாக வெந்து உறை முழுவதும் கரி. "பாத்தீங்களா" என்றாள், யாரையும் குற்றம் சொல்லாத குரலில். சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் பட்டையை அதில் சுற்றி நூலால் கட்டினாள். பல்லால் ஒரு வயரைக் கடித்து ஒற்றை இழையைப் பிரித்து ஃபியூஸில் கட்டினாள். இழுத்துக் கட்டியதில் முதல் இழை அறுந்தது. இரண்டாவது நின்றது.

"இப்ப பேட்டரியக் குடுங்க. பிளஸ் இரும்புக்கு, அண்ணே. மாத்திடாதீங்க."

டயல் மஞ்சளாக விழித்துக்கொண்டது. சின்னப் பெட்டி 'கிர்ர்' என்று துடிக்கத் தொடங்கியது. வால்வு சூடேற அரை நிமிஷம் பிடித்தது. பிறகும் அந்தக் 'கிர்ர்'தான் கேட்டது. அவ்வளவுதான். குரல் இல்லை.

"ஏரியல்" என்றார் ஹில்தோ, அழுகிற குரலில். மாமரக் கிளை விழுந்து கம்பி அடியோடு ஒடிந்திருந்ததை அதுவரை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

நாலுக்கு மூன்று நிமிஷம். "சொராய்தா, உன் துணிக்கொடிய அறுத்துக் குடு" என்றாள் ஓனேலியா. அது சுவரிலிருந்து விளக்குக் கம்பம் வரை போகிற நீள இரும்புக்கம்பி. சொராய்தா ஓடிப்போய்ச் சுவர்ப் பக்கத்து முனையை அறுத்து, ஜன்னல் வழியாக உள்ளே விட்டாள். ஓனேலியா அதன் நுனியை ரேடியோவின் முதுகில் இருந்த ஏரியல் துளைக்குள் குத்தினாள். ஒரு மனிதக் குரல் வெடித்துக்கொண்டு வந்தது. கையை எடுத்தாள், விறைத்த கம்பி தெறித்து வெளியே வந்தது, குரல் போனது. தீக்குச்சியை அடைகொடுத்துப் பார்த்தாள். நிற்கவில்லை. ஈயம் உருக்கிக் கம்பியைப் பற்றவைக்கக் கரியடுப்பு மூட்ட நேரமில்லை. ஊரில் காய்ந்த கரியும் இல்லை.

"சரி, நானே பிடிச்சுக்கறேன்" என்றாள். ஒரு கையால் கம்பியை உள்ளே அழுத்தி, மறு கையால் ரேடியோவின் கூட்டைப் பற்றிக்கொண்டாள்.

நாலு மணி. வாசிப்பவர் அவசரப்படவே இல்லை. "மரிசோல் படகு மூழ்கியது" என்றார்.

அவளுடைய முகத்தில் என் கண்ணாடியின் வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. நான் அதை விலக்க நினைத்தேன், கை வரவில்லை. கண்ணை மூடவில்லை அவள். கம்பியைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன. நாங்கள் அப்போது கேட்டுக்கொண்டிருந்தது அவளுடைய விரல்களால்தான் என்று எனக்கு உறைத்தது. அந்த மனுஷி ஈயத்தாளைச் சுற்றியிருந்தால் எங்களுக்கு இந்தச் சொல்லும் கிடைத்திருக்காது, அடுத்த சொல்லும் கிடைத்திருக்காது.

"அதிலிருந்து தெரெசித்தா படகினரால் மீட்கப்பட்டவர்கள்" என்றார் வாசிப்பவர். ஒரு பெயர். இன்னொரு பெயர். மூன்றாவதாக, "எவெலியோ பதீஸ்தா."

தெரு அலறியது. யாரோ வண்டியின் கூரையில் அறைந்தார்கள். சொராய்தா கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஓனேலியாவின் சேற்றுக்கால்களைக் கட்டிக்கொண்டு, "இருக்கான்டி! உன் எவெலியோ இருக்கான்டி, எழுந்து வாடி வெளியே!" என்று உலுக்கினாள். ரேடியோவின் குரல் கரகரத்துத் தேய்ந்தது.

"கால விடு" என்றாள் ஓனேலியா உள்ளிருந்து. "யாரும் வண்டியத் தொடாதீங்க. ஹில்தோ அண்ணனுக்கு இன்னும் வரல."

தெரு அடங்கியது. மரிசோலின் நாலாவது பெயர் வந்தது. பிறகு தெரெசித்தாவின் ஆட்கள், ஒருவர் பின் ஒருவராக. அவள் கண்ணிலிருந்து நீர் பொங்கி, மல்லாந்து கிடந்ததால் இரண்டு பக்கமும் காதுக்குள் வழிந்தது. ஹில்தோ என் பக்கத்தில் மண்டியிட்டு, வாயைக் கையால் பொத்திக்கொண்டு, அவளுடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நெலோவின் பெயர் கடைசிக்கு முந்தியதாக வந்தது. அவர் அப்படியே இருக்கையில் முகம் புதைத்துக்கொண்டார்.

ஓனேலியா அதற்கும் கையை எடுக்கவில்லை. கடைசிப் பெயர் எங்கள் தெருக்காரன் இல்லை, எங்கள் ஊர்க்காரனே இல்லை. அதுவும் முழுதாக வாசித்து முடிந்து, வாசிப்பவர் நாளைய வானிலைக்குப் போன பிறகுதான், விரல்களை ஒவ்வொன்றாகக் கம்பியிலிருந்து பிரித்தாள்.